காவல் துறை ஊழல்: ஆளா, அமைப்பா? நியூயார்க் விசாரணை ஆணையங்களை முன்வைத்து

கேள்வியும் அதன் எல்லையும்

காவல் துறையினரின் ஊழலுக்குக் காரணம் தனிமனிதரின் குணக்கேடா, அல்லது அவரைப் பணியில் சேர்த்துப் பழக்கும் அமைப்பா என்ற கேள்வி குற்றவியல் ஆய்வில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக விவாதிக்கப்பட்டு வருகிறது. இரு தரப்புக்கும் வலுவான சான்றுகள் உள்ளன. ஆனால் அந்தச் சான்றுகள் எந்தக் காலத்தில், எந்த நிலையிலிருந்த காவல் துறையிலிருந்து திரட்டப்பட்டவை என்பதைக் கருதாமல் அருகருகே வைத்து எடைபோடுவதால்தான் விவாதம் முடிவின்றி நீள்கிறது. இக்கட்டுரையின் வாதம், இவ்விரு காரணங்களுக்கும் இடையிலான விகிதம் நிலையானது அன்று என்பதாகும். கையூட்டு ஒரு துறையின் அன்றாட நடைமுறையாகிவிட்ட இடத்தில் தனிமனிதரின் குணத்தைக் கொண்டு மிகக் குறைவாகவே விளக்க முடியும். அந்த நடைமுறை உடைபட்டு, கை நீட்டுவதே ஆபத்தான காரியமாகிவிட்ட துறையில் ஆளின் முன்வரலாறும் இயல்பும் கூடுதலான விளக்கத்தைத் தரும். ஆகவே 'ஆளா, அமைப்பா' என்று கேட்பதற்கு முன்னால் 'எந்த நிலையிலுள்ள அமைப்பு' என்று கேட்டாக வேண்டும்.

இவ்வாதத்தைச் சோதித்துப் பார்க்க நியூயார்க் மாநகரக் காவல் துறை தகுந்த களமாகும். 1894இல் மாநில மேலவை அமைத்த லெக்ஸோ குழு, 1912இல் சூதாட்ட விடுதிக்காரர் ஒருவர் கொல்லப்பட்டதையடுத்து அமைந்த கர்ரன் குழு, 1930களின் தொடக்கத்தில் நடந்த சீபரி விசாரணை, 1950இல் ஹாரி கிராஸ் என்ற சூதாட்டத் தரகரிடமிருந்து காவலர்களுக்குப் போய்க்கொண்டிருந்த பணம் அம்பலமானது, 1970–72இல் நாப் ஆணையம், 1992–94இல் மோலன் ஆணையம் என்று ஏறத்தாழ இருபதாண்டுகளுக்கு ஒருமுறை அத்துறை விசாரணைக்கு உள்ளாகியிருக்கிறது. ஒரே துறையை, அது வெவ்வேறு நிலைகளில் இருந்தபோது, வெவ்வேறு கண்கள் கூர்ந்து பார்த்த பதிவுகள் இந்த அளவுக்கு வேறெங்கும் கிடைப்பது அரிது. பதவி தரும் அதிகாரத்தைத் தனி ஆதாயத்துக்குப் பயன்படுத்துவது என்ற குறுகிய பொருளிலேயே ஊழல் என்ற சொல் இங்கு ஆளப்படுகிறது. அடி, உதை, பொய்வழக்கு ஆகியவை அதனோடு பின்னிக் கிடப்பவை என்றாலும் தனி ஆய்வுக்குரியவை.

அழுகிய ஆப்பிள் கோட்பாடு

காவலர் ஒருவர் பிடிபட்டதும் அவரைக் கூடையிலிருந்த ஒரேயொரு அழுகிய ஆப்பிளாக அறிவித்து, மற்றவை அனைத்தும் நல்லவை என்று உறுதியளிப்பது உலகெங்கும் காவல் தலைமைகளின் வழக்கம். மேயர் ஜான் லிண்ட்சே 1970இல் அமைத்து, வழக்கறிஞர் விட்மன் நாப் தலைமையேற்ற ஆணையத்தின் முக்கியப் பங்களிப்பு, இந்த விளக்கத்தைத் தவறென்று மறுத்ததோடு நில்லாமல், அவ்விளக்கத்தையே ஆய்வுப் பொருளாக்கியதில் இருக்கிறது. அக்கோட்பாடு ஏன் துறைக்குத் தேவைப்படுகிறது என்று ஆணையம் கேட்டது. ஊழல் பரவலானது என்று ஒப்புக்கொண்டால் காவலர்களின் மனவுறுதி குலையும், மக்களிடையே துறையின் மதிப்பு சரியும் என்ற அச்சமே அதன் வேர் என்பது ஆணையம் கண்ட விடை.

அச்சம் இயல்பானதுதான், விளைவுதான் கேடானது. பிடிபட்டவர் தனி ஆள் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டால், அவர் யாரோடு பங்கு பிரித்தார், அவருக்கு மேலே யார் வாங்கினார், அவருக்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் என்ன செய்தார் என்ற கேள்விகள் எழவே மாட்டா. நாப் ஆணையம் இதற்கு நேர்மாறான வழியில் சென்றது. விபசார விடுதி நடத்திய ஒருவரிடம் பாதுகாப்புக்குப் பணம் வாங்கியபோது பிடிபட்ட வில்லியம் ஃபிலிப்ஸ் என்ற ரோந்துக் காவலரை ஆணையம் அப்ரூவராக்கி, ஒலிப்பதிவுக் கருவியை மறைத்துக் கொடுத்து மீண்டும் பணிக்கு அனுப்பியது. 1971 அக்டோபரில் அவர் பகிரங்கமாக அளித்த சாட்சியம் தனி ஆளின் வாக்குமூலமாகத் தொடங்கி ஒரு நிர்வாக முறையின் விவரிப்பாக விரிந்தது. தனிமனித விளக்கம், ஆக, காரணம் பற்றிய கருதுகோள் மட்டுமன்று. விசாரணை எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அமைப்பின் செயலும்கூட. விவாதத்தின் ஒரு தரப்பே மற்றத் தரப்புக்கான சான்றாகிவிடும் இந்த நிலையைத் தனிமனித விளக்கத்தின் ஆதரவாளர்கள் போதிய அளவுக்கு எதிர்கொண்டதில்லை.

மாமூலின் கணக்குவழக்கு

நாப் அறிக்கையின் பக்கங்களில் மிகவும் கவனத்துக்குரியவை, சூதாட்டத் தடுப்புக்காக மஃப்டியில் இயங்கிய காவலர்களின் மாத மாமூலை விவரிப்பவை. ஒரு வட்டாரத்திலிருந்த எண் சூதாட்டக்காரர்கள் ஒவ்வொருவரும் குறித்த நாளில் குறித்த தொகையைச் செலுத்தினர். அது ஓரிடத்தில் சேர்க்கப்பட்டுச் சமமாகப் பங்கிடப்பட்டது. ஓர் ஆளின் மாதப் பங்கு மன்ஹாட்டனின் மையப் பகுதியில் 300 முதல் 400 டாலர் வரையிலும், ஹார்லமில் 1,500 டாலர் வரையிலும் இருந்தது. மேற்பார்வை அதிகாரி பங்கு பெறும் இடங்களில் அவருக்கு ஒன்றரைப் பங்கு.

புதிதாக மாற்றலாகி வந்தவருக்கு முதல் இரண்டு மாதங்களுக்குப் பங்கு கிடையாது. அவர் நம்பத்தகுந்தவர்தானா என்று பார்க்கப்படும் காலம் அது. அப்படி இழந்த தொகையை ஈடுகட்ட, அவர் அங்கிருந்து மாற்றலாகிச் செல்லும்போது இரண்டு மாதப் பங்கு சேர்த்துத் தரப்பட்டது. இந்த ஒரு விவரத்தை நின்று கவனிக்க வேண்டும். தகுதிகாண் பருவம், பதவிக்கேற்ற ஊதிய விகிதம், பணி முடியும்போது ஈட்டுத்தொகை என்று அரசு ஊழியத்தின் நடைமுறைகள் அனைத்தும் இங்கு சட்டவிரோதமான பணத்தின் மேல் மீண்டும் கட்டப்பட்டிருக்கின்றன. ஆள் மாறினாலும் பங்கு மாறாது. ஒருவர் போனால் அவ்விடத்துக்கு வருபவர் அதே பங்குக்கு உரியவராகிறார். தனிமனிதரின் பேராசையிலிருந்து இப்படியொரு ஒழுங்கு பிறக்க முடியாது. பேராசைக்காரர் பங்கைச் சமமாகப் பிரிக்கமாட்டார், போனவருக்குக் கணக்குத் தீர்த்து அனுப்பவும் மாட்டார்.

இந்த ஒழுங்குக்குப் பழைய வேர்கள் உண்டு. லெக்ஸோ குழுவின் முன் 1894இல் சாட்சியம் அளித்த டிமோதி கிரீடன் என்ற அதிகாரி, கேப்டன் பதவி உயர்வுக்காகத் தாம் 15,000 டாலர் கொடுத்ததை ஒப்புக்கொண்டார். தேர்வில் தேறியும் பணம் கொடுக்காதவரை பதவி கிடைக்காத நிலையில் அப்பணம் பிறரிடமிருந்து திரட்டப்பட்டது. பதவிக்கே விலை வைத்த துறையில், அவ்விலையைத் தம் சரகத்திலிருந்து வசூலித்துத் தீர்ப்பதைத் தவிர அதை வாங்கியவருக்கு வேறு வழியும் இருக்கவில்லை.

மாமூலுக்கு மூன்றாவது ஓர் ஊற்றும் உண்டு. அது காவலரும் அன்று, காவல் துறையும் அன்று, சட்டம். கட்டுமானப் பணிகள் பற்றிய நாப் அறிக்கையின் பகுதி இதைத் தெளிவாகக் காட்டுகிறது. நியூயார்க்கில் சிறிய கட்டடம் எழுப்பவும் குறைந்தது 40 அனுமதிகள் தேவைப்பட்டன. பெரிய கட்டடத்துக்கு அந்த எண்ணிக்கை 120ஐயும் தாண்டும். அனைத்தையும் வாங்கி, ஒவ்வொன்றின் விதியையும் வழுவாமல் பின்பற்றி வேலையை முடிப்பது நடைமுறையில் இயலாது. நடைபாதையில் மணல் கொட்டியதற்கோ இரண்டாம் வரிசையில் லாரியை நிறுத்தியதற்கோ எந்த நாளிலும் வழக்குப் பதியலாம் என்றிருக்கும்போது, கட்டடப் பொறுப்பாளர் ரோந்துக் காவலருக்கு வாரந்தோறும் ஒரு தொகையைத் தந்துவிடுவது வேலைச் செலவில் ஒன்றாகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமைக் கடையடைப்புச் சட்டமும், மதுக்கடை விதிகளும் இதே வேலையைச் செய்தன. மீறாமல் இருக்கவே முடியாத சட்டத்தை அமலாக்கும் அதிகாரத்தை ஒருவர் கையில் கொடுத்தால், விலை பேசும் உரிமையும் சேர்ந்தே கொடுக்கப்படுகிறது. தனிமனிதர், அமைப்பு என்ற இருமைக்குள் மட்டும் நின்று பேசும் ஆய்வுகள் இதைத் தவறவிட்டுவிடுகின்றன.

புல் தின்போரும் இறைச்சி தின்போரும்

நாப் ஆணையம் ஊழல் காவலர்களை இரு வகையாகப் பிரித்தது. தானாக வரும் சிறு தொகைகளை மறுக்காமல் வாங்கிக்கொள்பவர்கள் புல் தின்போர். தம் அதிகாரத்தைக் கருவியாக்கிப் பெருந்தொகைகளைத் தேடிப்போய்ப் பறிப்பவர்கள் இறைச்சி தின்போர். அன்றாடப் பேச்சில் பின்னவரே ஆபத்தானவர். ஆணையமோ துறையின் சிக்கலுக்கு முன்னவரையே மையமாகக் கண்டது. அவர்களே பெரும்பான்மையினர், அவர்கள் வாங்குவதால் வாங்குவது மரியாதைக்குரிய காரியமாகிறது, அவர்கள் வாய் திறக்க முடியாதவர்களாகி விடுவதால் இறைச்சி தின்போருக்குக் காப்பு கிடைக்கிறது. பத்து டாலர் வாங்கியவரால் பத்தாயிரம் டாலர் வாங்கியவரைக் காட்டிக்கொடுக்க முடியாது.

லாரன்ஸ் ஷெர்மன் என்ற குற்றவியலாளர் 1970களில் முன்வைத்த 'ஒழுக்க வாழ்க்கைப் பாதை' என்ற கருத்து இதற்கு உளவியல் விளக்கம் தருகிறது. இலவசச் சாப்பாட்டை ஏற்கும் காவலர், பிறகு மூடும் நேரம் கடந்து திறந்திருக்கும் மதுக்கடையின் உபசாரத்தையும், பிறகு போக்குவரத்து மீறலுக்கான தொகையையும், பிறகு சூதாட்ட மாமூலையும் ஏற்கிறார். ஒவ்வொரு படியிலும் அவர் தம்மைப் பற்றி வைத்திருக்கும் மதிப்பீடு சற்றே திருத்தப்படுகிறது; அடுத்த படிக்குச் செல்லும்போது திருத்த வேண்டியது அதிகமாக இருப்பதில்லை. இக்கருத்தில் தனிமனிதருக்கும் அமைப்புக்கும் இடமுண்டு. ஏறுவதா நிற்பதா என்பது ஆளின் முடிவு. அடுத்தடுத்த படிகள் அங்கே கட்டப்பட்டிருப்பதும், அதில் ஏறிய சகாக்கள் மேலேயிருந்து அழைப்பதும் அமைப்பின் வேலை.

ஆள் தேர்வில் கவனமாக இருந்தால் போதும் என்ற வாதத்துக்குக் கடினமான சோதனை, போதைப்பொருள் தடுப்புக்கான சிறப்புப் புலனாய்வுப் பிரிவு. அதற்குத் திறமை வாய்ந்த துப்பறிவாளர்களே பொறுக்கி எடுக்கப்பட்டனர். நகரெங்கும் செல்லும் அதிகாரமும், அன்றாட மேற்பார்வையிலிருந்து ஏறத்தாழ முழு விடுதலையும் அவர்களுக்குத் தரப்பட்டன. அப்பிரிவில் பணியாற்றிய சுமார் 70 பேரில் 52 பேர் மீது பின்னர் குற்றச்சாட்டு பதிவானது. காவல் துறையின் சொத்துக் காப்பறையிலிருந்த ஹெராயின் பொட்டலங்கள் களவாடப்பட்டு அவற்றின் இடத்தில் மாவு வைக்கப்பட்டிருந்தது 1972 டிசம்பரில் தெரியவந்தது இதே காலகட்டத்தில்தான். பெரும் பணம் புழங்கும் இடம், சாட்சி இல்லாத சந்திப்புகள், புகார் கொடுக்க வழியற்ற எதிராளி, கேள்வி கேட்காத மேலதிகாரி ஆகிய நான்கும் சேருமிடத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவரின் சிறப்பு நெடுநாள் தாங்குவதில்லை.

அமைப்பு விளக்கம் எதை விளக்கவில்லை

ஆயினும், அமைப்பே அனைத்தும் என்ற முடிவுக்குச் செல்வதும் தவறாகும். ஃபிலிப்ஸ் பணியாற்றிய அதே துறையில்தான் ஃபிராங்க் செர்பிகோவும் பணியாற்றினார். 1966இல் சூதாட்டக்காரர் ஒருவரிடமிருந்து 300 டாலர் அடங்கிய உறை அவரிடம் வந்து சேர்ந்தபோது, அவர் அதை மேலதிகாரியிடம் கொண்டுபோனார். உரிய நடவடிக்கை எதுவும் எடுக்கப்படவில்லை. டேவிட் டர்க் என்ற சக அதிகாரியுடன் சேர்ந்து அவர் துறைக்குள்ளும் மேயர் அலுவலகத்திலும் தட்டாத கதவில்லை. 1970 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் டேவிட் பர்ன்ஹாமின் செய்தி வெளியான பிறகுதான் ஆணையமே அமைந்தது. 1971 பிப்ரவரியில் புரூக்ளினில் நடந்த போதைப்பொருள் சோதனையொன்றின்போது முகத்தில் சுடப்பட்டுப் பிழைத்த செர்பிகோ, அவ்வாண்டு டிசம்பரில் ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தார். நேர்மையற்றவர் நேர்மையானவரைக் கண்டு அஞ்ச வேண்டியதற்கு மாறாக, நேர்மையானவரே மற்றவரைக் கண்டு அஞ்சி வாழ வேண்டியிருக்கிறது என்பது அச்சாட்சியத்தின் சாரம்.

ஒரே பயிற்சி, ஒரே சம்பளம், ஒரே சூழல் இருந்தும் இருவர் எதிரெதிர்த் திசையில் சென்றதை அமைப்பு விளக்கத்தால் மட்டும் கடக்க முடியாது. அப்படிக் கடக்க முயல்வது செர்பிகோவின் தீரத்தையும் ஃபிலிப்ஸின் குற்றப்பொறுப்பையும் ஒருசேர அழித்துவிடும். அதே வேளையில், செர்பிகோவின் வரலாறு தனிமனித விளக்கத்துக்குச் சாதகமானது என்று கொள்வதும் மேலோட்டமான வாசிப்பாகும். நேர்மை என்பது ஆளின் குணமாக இருக்கலாம். நேர்மைக்கு என்ன விலை என்பதை நிர்ணயிப்பது அமைப்பு. நான்காண்டுகள் நீடித்த புறக்கணிப்பையும் உயிராபத்தையும் விலையாகக் கேட்கும் துறையில், அசாதாரணமானவர் மட்டுமே நேர்மையாளராகத் தெரியவருவார். சாதாரண நேர்மையாளர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அல்லது மாமூல் புழங்காத மூலைக்கு மாற்றல் கேட்டுப் போய்விடுவார்கள்.

தனிமனிதக் காரணங்களுக்கு ஆதரவான மிக விரிவான புள்ளியியல் ஆய்வும் இதே துறையிலிருந்து வந்ததே. ராபர்ட் கேன், மைக்கேல் ஒயிட் இருவரும் 1975 முதல் 1996 வரை தவறான நடத்தைக்காக நியூயார்க் காவல் பணியிலிருந்து வெளியேற்றப்பட்ட 1,543 பேரை, அவர்களோடு பயிற்சிப் பள்ளியில் ஒரே அணியில் இருந்து தவறிழைக்காதவர்களோடு ஒப்பிட்டனர். பணியில் சேரும் முன்பே குற்றப் பின்னணி இருந்தவர்களும், முந்தைய வேலைகளில் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானவர்களும் பின்னாளில் வெளியேற்றப்படும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது; கூடுதல் கல்வி பெற்றவர்களிடம் அவ்வாய்ப்பு குறைவாக இருந்தது. இம்முடிவுகளை ஐயுறக் காரணமில்லை. ஆனால் இரண்டு வரையறைகளை மனத்தில் இருத்த வேண்டும். முதலாவது, ஆய்வில் வருபவர்கள் பிடிபட்டு வெளியேற்றப்பட்டவர்கள். பிடிபடாதவர்கள் ஒப்பீட்டு அணியில் நல்லவர்களாக எண்ணப்பட்டிருக்கக் கூடும். இரண்டாவது வரையறை இன்னும் முக்கியமானது: ஆய்வு தொடங்கும் ஆண்டு 1975. நாப் ஆணையம் மாத மாமூலை உடைத்ததற்குப் பிந்தைய துறையே அங்கு அளக்கப்படுகிறது. மஃப்டிப் பிரிவொன்றில் ஏறத்தாழ எல்லோரும் பங்கு வாங்கிய 1965ஆம் ஆண்டில் இதே ஒப்பீட்டைச் செய்திருந்தால், குற்றப் பின்னணி உள்ளவரும் இல்லாதவரும் ஒரே வரிசையில் நின்றிருப்பார்கள். ஆளுக்கு ஆள் வேறுபாடு இல்லாத இடத்தில் ஆளின் குணம் எதையும் விளக்க முடியாது.

சீர்திருத்தமும் உருமாற்றமும்

1970 இறுதியில் காவல் ஆணையராகப் பொறுப்பேற்ற பேட்ரிக் மர்ஃபி எடுத்த நடவடிக்கைகள் பெரும்பாலும் அமைப்பு விளக்கத்தை ஏற்றவை. கீழிருப்பவரின் ஊழலுக்கு மேலதிகாரி பொறுப்பாக்கப்பட்டார். கட்டுமான விதிகள், ஞாயிற்றுக்கிழமைச் சட்டம், சில்லறைச் சூதாட்டம் ஆகியவற்றில் ரோந்துக் காவலரின் அமலாக்க வாய்ப்புகள் சுருக்கப்பட்டன. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் உள்விவகாரப் பிரிவுக்கு இரகசியமாகத் தகவல் தரும் காவலர்கள் அமர்த்தப்பட்டனர். கையூட்டு கொடுப்பவர்களும் கைது செய்யப்பட்டனர். மாத மாமூல் முறை சரிந்தது. இருபதாண்டுகள் கழித்து மோலன் ஆணையமும், நாப் கால வகை ஊழல் பெருமளவு ஒழிந்துவிட்டதாகவே கண்டது.

ஒழிந்த இடத்தில் வேறொன்று முளைத்திருந்தது. 1992 மே மாதத்தில் மைக்கேல் டௌட் என்ற காவலர் போதைப்பொருள் வழக்கில் கைதானார். அவரைப் பிடித்தது அவரது சொந்தத் துறையன்று. நகருக்கு வெளியிலுள்ள சஃபோக் மாவட்டக் காவல் துறை. அதற்கு முந்தைய ஆறாண்டுகளில் அவர்மீது பத்துக்கும் மேற்பட்ட ஊழல் புகார்கள் வந்திருந்தும் ஒன்றுகூட நிரூபிக்கப்பட்டிருக்கவில்லை. மேயர் டேவிட் டிங்கின்ஸ் அமைத்த மோலன் ஆணையம் 1994 ஜூலையில் அளித்த அறிக்கை, சில சரகங்களில் காவலர்கள் சிறு குழுக்களாகச் சேர்ந்து போதைப்பொருள் வியாபாரிகளிடம் கொள்ளையடித்ததையும், சரக்கைத் தாங்களே விற்றதையும், பொய்ச் சாட்சியம் சொன்னதையும் பதிவு செய்தது. நாப் காலத்தில் காவலர் குற்றவாளியிடம் காசு வாங்கிக்கொண்டு ஒதுங்கி நின்றார். மோலன் காலத்தில் அவரே குற்றவாளியானார்.

இங்குதான் விகிதம் மாறுவதைக் காண முடிகிறது. மோலன் ஆணையம் ஊழலுக்காக வெளியேற்றப்பட்ட அல்லது இடைநீக்கம் செய்யப்பட்டவர்களின் கோப்புகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒருவரை அவரது விண்ணப்பக் கோப்பில் அன்றே இருந்த தகவல்களைக் கொண்டே நிராகரித்திருக்க வேண்டும் என்று கண்டது. 1980களில் அவசர அவசரமாக ஆளெடுக்கப்பட்டது. பின்னணி விசாரணை முடியும் முன்பே பலர் பயிற்சிக்கு அனுப்பப்பட்டனர். தனிமனிதக் காரணம் நாப் அறிக்கையில் பெறாத இடத்தை மோலன் அறிக்கையில் பெறுகிறது. ஆனால் அதற்குள்ளும் அமைப்பு மறைந்து நிற்கிறது: தகாத ஆள் சேர்ந்தது ஆளின் தவறு மட்டும் இல்லை, கோப்பைப் படிக்காமல் சேர்த்தது அமைப்பின் தவறு. மற்ற நான்கு பங்கினரைக் கோப்பிலிருந்த தகவல்களைக் கொண்டு இனங்கண்டிருக்க முடியாது என்பதும் அந்தக் கணக்கின் மறுபாதி.

மர்ஃபியின் சீர்திருத்தமே பிந்தைய ஊழலுக்கு வழிவிட்டது என்பது இவ்வரலாற்றின் வேதனையான பகுதி. ஊழலுக்கு மேலதிகாரி பொறுப்பு என்ற விதியின் நோக்கம் அவர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது. காலப்போக்கில், ஊழல் வெளிப்பட்டால் பதவி உயர்வு போகும் என்ற பொருளே அவ்விதிக்கு மிஞ்சியது. கண்டுபிடிப்பவர் தண்டனை பெற்றார், மூடி மறைப்பவர் தப்பினார். டௌட்டைப் பல ஆண்டுகள் விடாமல் துரத்திய ஜோசப் டிரிம்போலி என்ற புலனாய்வு அதிகாரிக்கு ஆளும் கருவியும் மறுக்கப்பட்டன. உள்விவகாரப் பிரிவு சங்கடமான சில புகார்களை வழக்கமான பதிவுகளில் சேர்க்காமல் தனிக்கோப்பில் ஒதுக்கி வைத்திருந்ததையும் ஆணையம் கண்டறிந்தது. சீருடைக் காவலர்கள் தெருவோரப் போதைப்பொருள் கைதுகளில் இறங்குவது, லஞ்சத்துக்கு அஞ்சி, பல ஆண்டுகள் ஊக்குவிக்கப்படாமல் இருந்ததால், கண்ணெதிரே விற்பனை நடந்த தெருக்களில் ஏழை மக்கள் பாதுகாப்பின்றி விடப்பட்டனர். அந்தச் செலவு எந்த ஊழல் கணக்கிலும் எழுதப்படவில்லை.

ஹாங்காங் தரும் ஒப்பீடு

ஆட்களைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு அமைப்பை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு வரலாறு தந்த அரிய சோதனை ஹாங்காங்கில் நடந்தது. பீட்டர் காட்பர் என்ற உயர் காவல் அதிகாரி, கணக்குக் காட்ட முடியாத 43 லட்சம் ஹாங்காங் டாலருக்கும் மேற்பட்ட சொத்துடன் 1973 ஜூனில் நாட்டைவிட்டுத் தப்பினார். அதை விசாரித்த பிளேர்-கெர் அறிக்கை, அங்கு நிலவிய கூட்டு ஊழலைக் காவலர்கள் பேருந்தாகப் பேசிவந்ததைப் பதிவு செய்தது: ஏறிக்கொள்ளலாம், பக்கத்தில் ஓடி வரலாம், குறுக்கே மட்டும் நிற்கக் கூடாது. வாங்கலாம், வாங்காமலும் இருக்கலாம், தடுக்க மட்டும் முயலக் கூடாது என்பது அதன் பொருள். தனிமனிதரின் நேர்மையை அவ்வமைப்பு தடைசெய்யவில்லை, அதைப் பயனற்றதாக்கியது.

1974 பிப்ரவரியில், காவல் துறைக்கு வெளியே ஆளுநருக்கு நேரடியாகப் பொறுப்பான சுதந்திர ஊழல் தடுப்பு ஆணையம் நிறுவப்பட்டது. வழக்குகள் பெருகவே 1977 அக்டோபரில் காவலர்கள் கலகம் செய்து அவ்வாணையத்தின் அலுவலகத்துக்குள் புகுந்து தாக்கினர். 1977 ஜனவரிக்கு முன் நடந்த, இன்னும் விசாரணைக்கு வராத குற்றங்களுக்கு ஆளுநர் மெக்லஹோஸ் பொதுமன்னிப்பு அறிவிக்க நேர்ந்தது. அன்று அது நீதியின் தோல்வியாகவே பார்க்கப்பட்டது; அப்பார்வையில் நியாயமும் உண்டு. ஆனால் காரண ஆய்வின் நோக்கில் அம்மன்னிப்பு முக்கியமான ஒன்றைச் செய்தது: முன்பு பேருந்தில் இருந்த பலர் சீருடையிலேயே தொடர்ந்தனர். சிலர் ஓய்வு பெற்றும் விலகியும் போயிருந்தாலும், துறை புது ஆட்களால் நிரப்பப்பட்டுவிடவில்லை. அப்படியிருந்தும் காவல் நிலையங்களைத் தழுவிய கூட்டு மாமூல் முறை மீளவில்லை. தனிநபர் ஊழல் வழக்குகள் பிறகும் வந்தன. பங்கு பிரித்து நடந்த வசூல் நிர்வாகம் வரவில்லை. குணமே முதற்காரணமாக இருந்திருந்தால், குணம் மாறாத அதே ஆட்கள் மீண்டும் அதைக் கட்டியெழுப்பியிருக்க வேண்டும்.

எதை அளப்பது

காரணங்களின் விகிதம் துறையின் நிலைக்கேற்ப மாறுமானால், முதலில் அளக்க வேண்டியது அந்த நிலையை. கார்ல் கிளாக்கர்ஸும் சகாக்களும் அமெரிக்காவின் 30 காவல் துறைகளைச் சேர்ந்த 3,235 பேரிடம் 11 கற்பனைச் சூழல்களைக் கொடுத்து நடத்திய ஆய்வு இதற்கு ஒரு வழி காட்டியது. நீங்கள் வாங்கினீர்களா என்று அவர்கள் கேட்கவில்லை. இச்செயல் எவ்வளவு கடுமையான குற்றம், சக காவலர் இதைச் செய்தால் புகார் தருவீர்களா என்று கேட்டனர். எது பெரிய தவறு, எது சிறிய தவறு என்ற வரிசையில் துறைகள் பெரிதும் ஒத்துப்போயின. புகார் தரும் விருப்பத்தில்தான் துறைக்குத் துறை வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது. சரி எது, தவறு எது என்ற அறிவில் காவலர்கள் வேறுபடவில்லை; அவ்வறிவின்படி நடந்தால் தமக்கு என்ன நேரும் என்ற எதிர்பார்ப்பில் வேறுபட்டனர். ஒழுக்கப் பாடத்தைக் கூட்டுவதால் மட்டும் ஊழல் ஏன் குறைவதில்லை என்பதற்கு இது நேரடியான விடை.

எனினும் கிளாக்கர்ஸ் அளந்தது எண்ணத்தையே, நிகழ்வை அன்று. அதை நிறைவு செய்யக்கூடிய தரவு ஒவ்வொரு காவல் துறையின் பணிப்பதிவேட்டிலும் உறங்கிக் கிடக்கிறது: சகாவின் மீது புகார் அளித்த காவலர் அடுத்த ஐந்தாண்டுகளில் எங்கே மாற்றப்பட்டார், பதவி உயர்வு பெற்றாரா, பணியில் நீடித்தாரா என்ற விவரம். வெளியேற்றப்பட்ட ஊழல் காவலர்களைப் பற்றி 1,543 கோப்புகள் ஆராயப்பட்டிருக்கின்றன. அவர்களைக் காட்டிக்கொடுத்தவர்களுக்கும் அதே கவனம் தரப்பட வேண்டும். அதைச் செய்ய வெளியிலிருந்து கோப்புகளைக் கேட்டுப் பெறும் அதிகாரம் வேண்டும். துறைக்கு வெளியே நிலையான, சொந்தப் புலனாய்வு அதிகாரமுள்ள கண்காணிப்பு அமைப்பு வேண்டுமென்று மோலன் ஆணையம் பரிந்துரைத்தது. மேயர் நிர்வாகம் 1995இல் அமைத்த ஆணையத்துக்கு, ஆவணங்களையும் சாட்சிகளையும் கட்டாயப்படுத்தி வரவழைக்கும் அதிகாரம் தரப்படவில்லை.